துருவேறிக் கிடக்கும் பழைய டிராக்டரை மறுபடி ஓடவைப்பது எப்படி

பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த டிராக்டர் கைக்கு வந்ததும் நிறையப் பேர் செய்யும் முதல் வேலை, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, கியரில் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டுப் பார்ப்பது. இதை மட்டும் செய்யாதீர்கள். ஜாம் ஆன எஞ்சினை இழுத்துச் சுற்றவைத்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும், ஒட்டிப்போன வால்வில் முட்டி, வால்வை இயக்கும் புஷ் ராட் மடங்கும், டீசல் பம்புக்குள் ரோட்டார் பிடித்திருந்தால் அதன் ஷாஃப்ட் முறியும். இவை எதுவும் துரு செய்த சேதம் இல்லை, அந்த ஐந்து நிமிடத்தில் நாம் செய்த சேதம். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு தடிமனானது, மேலே எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் நல்ல இரும்புதான் இருக்கும். அதனால் இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: பலத்தைக் காட்டுவதற்கு முன்னால் நேரத்தைக் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊற நேரம், சூடு பரவ நேரம், கரைசல் வேலை செய்ய நேரம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான்.

முதலில் வண்டியை நன்றாகப் பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் பார்ப்பதற்கே ஒதுக்கலாம். புகைக்குழாய் மேலே பார்த்து நிற்கும் மாடலா, அதற்கு மூடி இருந்ததா? மூடி இல்லையென்றால் மழைத் தண்ணீர் நேராக இறங்கி, எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதற்குள் போயிருக்கும். ஜாம் ஆன எஞ்சின்களில் பல நேரம் ஒரு சிலிண்டரோ இரண்டோ மட்டும் கெட்டு, மற்றவை நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அளவுக்கு மேலே நின்றாலும் சந்தேகப்படுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றிலும் கீழே இருக்கும் டிரெய்ன் பிளக்கை மெதுவாக, முழுதாகக் கழற்றாமல், ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். எண்ணெயை விடத் தண்ணீர் கனமானது, அடியில்தான் நிற்கும், அதனால் முதலில் அதுதான் சொட்டும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை வைத்தே உள்ளே என்ன காத்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

குளிர் அதிகமான இடத்தில் நின்ற வண்டியென்றால் பிளாக்கின் பக்கவாட்டை டார்ச் அடித்துத் தடவிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக் பிளந்திருந்தால் அந்தக் கோடு துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கம்பி பிரஷ் போட்டால்தான் தெரியும். துருவை விட நான் அதிகம் பயப்படுவது இந்த விரிசலுக்கும், காணாமல் போன பாகங்களுக்கும்தான். மட்கார்டு ஓட்டையாக இருந்தால் அடைத்துவிடலாம், ஹைட்ராலிக் பம்பே இல்லையென்றால் தேடி அலைய வேண்டும். ஃபெர்குசன் டிஇ20, ஃபோர்டு 8என், மாஸி ஃபெர்குசன் 35 மாதிரி லட்சக்கணக்கில் வந்த மாடல் என்றால் கவலை குறைவு, 1940களிலும் 50களிலும் வந்தவையானாலும் கேஸ்கெட்டிலிருந்து லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குறைவாக வந்த மாடல் என்றால், இரண்டாவதாக ஒரு உடைந்த வண்டியைப் பாகங்களுக்காகவே வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம்.

சீரியல் எண் பலகையைப் படம் எடுத்து, எண்ணைத் தனியாகவும் எழுதி வையுங்கள். பாகம் வாங்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். அந்த மாடலுக்கான ஒர்க்‌ஷாப் கையேட்டை இப்போதே தேடிப் பிடியுங்கள், இறுக்க அளவுகளும் இடைவெளிகளும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஊகித்துச் செய்யும் விஷயம் இல்லை. அப்புறம் படங்கள். ஒவ்வொரு ஒயர் போகும் வழி, ஒவ்வொரு லிங்கேஜ் எந்தத் துளையில் மாட்டியிருந்தது, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எத்தனை இருந்தது என்று கழற்றுவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். நட்டுகளைப் பாகம் வாரியாகப் பையில் போட்டு எழுதி ஒட்டுங்கள். மாதக்கணக்கில் ஓடும் வேலை இது, ஞாபகத்தை நம்பினால் கடைசியில் ஒரு டப்பா நிறைய யாருக்கும் சொந்தமில்லாத போல்ட்டு மிஞ்சும்.

கழுவும்போது திறந்திருக்கும் வாய்களையெல்லாம் துணியாலும் டேப்பாலும் அடைத்துவிட்டுக் கழுவுங்கள். கெட்டிப்பட்ட கிரீஸும் மண்ணும் முதலில் சுரண்டி எடுக்க வேண்டியவை, அப்புறம்தான் மண்ணெண்ணெயும் தண்ணீரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசியாக்காதீர்கள், ஈரத்தோடு தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், பழைய கேஸ்கெட் இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது, ஈரத் துணியால் துடைத்து மூடிய பையில் போட வேண்டும்.

தூக்கி நிறுத்தும்போது கெட்டியான தரை, கனமான மரக்கட்டை, அல்லது நல்ல ஸ்டாண்டு. உள்ளே பொள்ளலான சிமென்ட் கல்லை அடியில் வைக்காதீர்கள், அது எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

ஜாம் ஆன நட்டுகள்

பாதி நேரம் இதில்தான் போகும், வேலை கெடுவதும் இங்கேதான். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளி அப்படியே அடைபட்டு இறுகிவிடுகிறது. நீங்கள் உடைக்க வேண்டியது அந்த அடைப்பை, போல்ட்டை இல்லை.

முதலில் கம்பி பிரஷ் போட்டு வெளியே தெரியும் மரையைச் சுத்தமாக்குங்கள். நட்டு கழன்று வரும் வழியில் துரு இருந்தால் அங்கே போய் மறுபடி மாட்டும். துருவை இளக்கும் எண்ணெயை அடித்து, சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக நான்கைந்து தட்டு, அப்புறம் மறுநாள் வரை விடுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். அந்தத் தட்டு முக்கியம், துருப் பொருக்கில் சின்னச் சின்ன விரிசல் விழுந்தால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். கழற்றும்போது ஆறு முனை சாக்கெட் மட்டும் போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் துரு தின்று தேய்ந்த தலையை உருட்டிவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் நட்டுகள் இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தெரிந்து முனையை மழுக்கும், சரியான செட்டைத் தேடி வாங்குங்கள். எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இடது மரை இருக்கும் இடங்கள் உண்டு.

ஸ்பேனர் போட்டதும் கழற்றும் பக்கம் மட்டும் தள்ளாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு அசைவு, அப்புறம் கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். கொஞ்சம் நகர்ந்தால் எண்ணெய் அடித்து மறுபடி திருப்பிப் போங்கள். நகரும்போது கீச்சென்று சத்தம் வந்து பிடி கனமாகிக்கொண்டே போனால் நிறுத்துங்கள், போல்ட்டு முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம், இன்னும் கால் சுற்றில் முறியும்.

எண்ணெய்க்கு அசையாதது சூட்டுக்கு அசையும். கேஸ் வெல்டிங் டார்ச்சால் நட்டை, போல்ட்டை அல்ல, சுற்றிலும் செந்நிறம் வரும் வரை சூடாக்குங்கள். நட்டு விரிவதால் துரு அடைப்பு நொறுங்கும். செந்நிறம் போனதும், இன்னும் சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியின் முனையை மரை ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும், அப்போது திருப்பிப் பார்த்தால் பிடிவாதமான நட்டும் பெரும்பாலும் கழன்றுவிடும். டீசல் டேங்க், ரப்பர் சீல், அலுமினியம் பாகம் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இது வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் நெருப்பு வைக்காதீர்கள், சில வகைகளில் குளோரின் கலந்த ரசாயனம் இருக்கிறது, சூடானால் விஷவாயு வரும்.

சரி, முறிந்தே போய்விட்டது. துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் இறக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த எக்ஸ்ட்ராக்டர் உள்ளே முறிந்தால் அது உளியை விடக் கெட்டியான இரும்பு, அப்புறம் டிரில் இறங்கவே இறங்காது. அதற்கு முன்னால் முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் போட்டு நிரப்புங்கள். வெல்டிங் சூடே மரையை இளக்கும், பிடிக்கவும் தலை கிடைக்கும், ஆறியதும் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். முதல் வெல்டு விட்டுப்போனாலும் இரண்டு மூன்று தரம் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சூடும் வேலை செய்கிறது.

எஞ்சினை இளக்குவது

ரேடியேட்டர், பானட், மேனிஃபோல்ட் எல்லாம் கழன்ற பிறகு எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறங்கள். ராக்கர் ஷாஃப்டின் போல்ட்டுகளை ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஷாஃப்ட் வளையும். புஷ் ராட்களை எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் அட்டையில் குத்தி வையுங்கள். இப்போது ஒவ்வொரு வால்வுத் தண்டின் மேல் முனையிலும் மெல்லிய சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள்: இறங்கித் தானாகத் திரும்பி வந்தால் நல்லது, இறங்கியபடி நின்றால் அது ஒட்டிய வால்வு. ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை) எடுக்கப் போகிறோம் என்பதால் இப்போது போராட வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். ஹெட்டும் அதைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்டுகளில்) துருப்பிடித்து நிற்கும். ஸ்டட்டைச் சுற்றி நாள் கணக்கில் எண்ணெய் விட்டு, நடுநடுவே மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரையோ உளியையோ இறக்காதீர்கள், அந்த வடு கேஸ்கெட் உட்காரும் இடத்தில் விழும்.

ஹெட் வந்ததும் டார்ச் அடித்து சிலிண்டர்களைப் பாருங்கள். கெட்ட சிலிண்டரில் பிஸ்டனுக்கு மேலே லைனர் சுவரில் செம்பழுப்பாகப் பொருக்கு நிற்கும், பிஸ்டன் ஓரத்தைச் சுற்றிச் சேறு மாதிரி துருத்தூள் அடைந்திருக்கும். அந்தத் தூளை முதலில் முழுக்க எடுங்கள், வாக்குவம் இருந்தால் உறிஞ்சுங்கள். மேலே தெரியும் சுவரை எமரி பேப்பரில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள், பிஸ்டன் அந்த வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். அப்புறம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்து பிஸ்டனுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். இரண்டும் சரியாகக் கலக்காது, ஊற்றும்போதெல்லாம் குலுக்க வேண்டும், சீக்கிரம் தீப்பிடிக்கும், பெயிண்டைத் தின்னும், கவனம். ஆவியாகாமல் இருக்க மேலே மூடி வையுங்கள். ஊற்றிய அளவைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்துக்கொண்டு தினமும் பாருங்கள். மட்டம் இறங்கினால் சந்தோஷப்படுங்கள், ரிங்குகளைத் தாண்டிக் கசிகிறது. இறங்காமல் அப்படியே நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில் போனாலும் போகட்டும்.

அசைத்துப் பார்ப்பதற்குச் சரியான இடம் ஃபிளைவீல். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய துளை வழியாக ரிங் கியரின் பல்லில் கம்பியைக் கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்புங்கள். கிராங்க் முனையில் இருக்கும் புல்லி நட்டில் நீளமான பைப் போட்டு இழுத்தால் நட்டு முறியும், கிராங்க் அசையாது. ஃபிளைவீலில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்தால் மயிரளவு நகர்ந்தாலும் தெரியும். நகர்ந்தவுடன் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே போகத் தோன்றும். போகாதீர்கள். தடுக்கும் இடம் வரை போய், திரும்பி வந்து, எண்ணெய் விட்டு, மறுபடி. ஒவ்வொரு தரமும் இன்னும் ஒரு பல் தூரம் கூடும்.

அப்படியும் அசையவில்லையென்றால் சிலிண்டர் வாய்க்குப் பொருந்தும் அளவில் கெட்டி மரத்தைக் கடைந்து, பிஸ்டன் தலையில் வைத்து, சுத்தியலால் தட்டலாம். பெரிய அடி ஒன்றை விடச் சின்ன அடி நூறு நல்லது. ஆனால் அந்த பிஸ்டன் பாதி வழியில் நிற்க வேண்டும். உச்சியிலோ அடியிலோ நின்றால் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நீங்கள் கொடுக்கும் அடி எதையும் சுற்றாது, நேராக பேரிங்கில்தான் இறங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் நடு இரண்டு கீழே, ஓரம் இரண்டு மேலே என்று எல்லாமே அப்படி நின்றுபோவதும் உண்டு. அந்த நிலையில் மரத்தை எடுத்து வைத்துவிட்டு ஃபிளைவீலோடுதான் மன்றாட வேண்டும், அல்லது கீழே இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ராடைக் கிராங்கோடு பிடிக்கும் ராட் கேப்களை எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் சம்ப்பைக் கழற்றுவதே மேல். நன்றாக இருக்கும் பிஸ்டன்களின் ராடுகளை விடுவித்துவிட்டால், ஜாம் ஆன ஒன்றோடு மட்டும் போராடினால் போதும், பேரிங்கையும் அப்படியே பார்த்துவிடலாம். சில மாடல்களில் சம்ப்பே வண்டியின் உடலைத் தாங்கும் பாகம், முன் அச்சு அதில்தான் மாட்டியிருக்கும், கையேட்டைப் பார்த்துத் தாங்கு கொடுத்த பிறகே கை வையுங்கள்.

பிஸ்டன் வெளியே வந்ததும் லைனரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கறை இருந்தால் பரவாயில்லை, ஹோன் (உட்சுவரைத் தேய்க்கும் கருவி) போட்டால் போய்விடும். நகம் மாட்டும் பள்ளம் ரிங் ஓடும் பகுதியில் இருந்தால் லைனரை மாற்றுவதே வழி, அந்தப் பள்ளத்தில் கம்ப்ரஷன் கசியும், ஆயில் ஏறும். ரிங் ஓடும் எல்லைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை விட்டுவிடலாம். புது ரிங் வாங்கினால் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன்னால் அதை மட்டும் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். மாஸி ஃபெர்குசன் 35-இன் 3 சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மி.மீ., அந்த அளவு போருக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி எதிர்பார்க்கலாம். கடைசி வார்த்தை கையேட்டுடையது. இடைவெளி இல்லாமல் மாட்டினால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

பாகங்களின் துருவை எடுப்பது

ஊறவைக்கக் கூடிய பாகங்களுக்கு எனக்குப் பிடித்தது மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் ஏதாவது ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரைந்துவிடும், இரண்டு தரம் சரிபாருங்கள். தகட்டுக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், அதனால் நான்கு பக்கமும் தகடு வைப்பது நல்லது. துரு கருப்பாக, பிரஷ் போட்டால் உதிரும் பதத்துக்கு மாறும், நல்ல இரும்பு துளியும் குறையாது, இந்த முறையின் அருமையே அதுதான். இப்போது வரும் ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் மின்சாரம் விடாது, பழைய மாதிரி சார்ஜர் தேவை.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்புப் போடாதீர்கள், குளோரின் வரும். அலுமினியம் பாகத்தை அதில் போடாதீர்கள், கரையும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வையுங்கள், ஒயரைத் தொட்டியில் தொடுவதற்கு முன் சார்ஜரை அணையுங்கள். வால்வு ஸ்பிரிங், உயர் வலிமை போல்ட்டு இவற்றுக்கு இந்த முறையும் வேண்டாம், அமிலமும் வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து இரும்பை நொறுங்கவைக்கும்.

சின்னப் பாகங்களுக்கு சிட்ரிக் அமிலம் எளிது, 1 லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், ஓரிரவு. மறந்துவிட்டு நாள் கணக்கில் போட்டுவைத்தால் இரும்பையே தின்னும். எடுத்ததும் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறும். அவசரமில்லாத பெரிய பாகங்களுக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, இரண்டு மூன்று வாரம். நாற்றம் தாங்க முடியாது, ஆனால் சின்ன இடுக்குக்குள் இருக்கும் துருவைக்கூட எடுத்துவிடும். இதிலும் அலுமினியம் கூடாது. ஊறவைக்க முடியாத பெரிய வார்ப்புகளுக்குக் கம்பி பிரஷ், அப்புறம் பாஸ்பாரிக் அமிலக் கரைசல். உதிரும் பொருக்கின் மேல் அதைப் பூசிப் பிரயோஜனமில்லை. மணல் பீச்சி அடிப்பது ரிம்முக்கும் வெயிட்டுக்கும் பிரமாதம், மூடிய எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எமன், ஒரு மணல் துகள் பேரிங்குக்குள் போனால் போதும். மெல்லிய பானட் தகட்டையும் அது நெளித்துவிடும்.

டீசல் டேங்கில் கொஞ்சம் சின்ன சங்கிலியும் சிட்ரிக் கரைசலும் போட்டுக் குலுக்கினால் உட்புறத் துரு உதிரும். கழுவி முழுதாக உலர்த்துங்கள். ஓட்டை இருந்தால் பழைய டேங்கில் நேரடியாக வெல்டிங் வைக்காதீர்கள், காலியான டேங்கின் ஆவிதான் வெடிக்கும்.

கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரம்

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருப்பது ரொம்ப சகஜம். பெடலை அமுக்கி மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துச் சில நாள் விட்டால் சில நேரம் தானாக விடும். விடவில்லையென்றால் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். இங்கே ஒன்றை மறந்துவிடாதீர்கள்: முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடும்படி மாட்டப்பட்டிருக்கிறது. பின்பாதியிலிருந்து எஞ்சின் பிரிந்த நொடியில் அது பக்கவாட்டில் சாய்ந்து விழும். பிரிப்பதற்கு முன்னாலேயே அச்சுக்கும் அதன் மேலிருக்கும் வார்ப்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் மரஆப்பு அடித்து இறுக்குங்கள்.

கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தால் தண்ணீர் நின்ற மட்டம் கியர்களில் கோடாகத் தெரியும். பல்லின் பக்கவாட்டுத் துரு கறைதான். பல் ஒன்றோடொன்று உரசும் முகத்திலும் பேரிங் உருளைகளிலும் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம் இருந்தால் மாற்றுங்கள். ஆயில் சீல்கள் எல்லாமே புதிது போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின் டயரில் எடைக்காக கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் தின்னப்பட்டிருக்கும். மெலிந்த ரிம்மில் காற்றடிப்பது ஆபத்து, சுத்தியலால் தட்டி ஓசை மந்தமாகும் இடங்களை வெட்டி வெல்டு போடுங்கள், ரொம்பப் போயிருந்தால் வேறு ரிம்.

முதல் ஸ்டார்ட்

பெயிண்டுக்கு முன்னால் இது. டீசல் பம்பை நீங்களே பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு, பம்ப் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் நாசில்களோடு (டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் பாகங்களோடு) சேர்த்துக் கொடுங்கள். வயரிங் எல்லாம் புதிது. ஃபோர்டு 8என் போன்ற பழைய வண்டிகள் 6 வோல்ட், பாசிட்டிவ்தான் எர்த், பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டிவிடாதீர்கள்.

புது ஆயில், புது ஃபில்டர், கூலன்ட். நாசில்களை மாட்டாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்: சிலிண்டரில் தங்கிய எண்ணெய் வெளியே பீச்சும், அந்தப் பக்கம் முகத்தை வைக்காதீர்கள். ஆயில் பிரஷர் முள் எழும் வரை விட்டு விட்டுச் சுற்றி, அப்புறம் நாசில் மாட்டி, ஃபில்டர், பம்ப், நாசில் யூனியன் (குழாய் இணைப்பு) என்ற வரிசையில் ஏர் எடுங்கள், அதாவது டீசலில் அடைந்த காற்றை வெளியேற்றுங்கள். ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டாப் லீவர் உண்மையிலேயே பம்பை மூடுகிறதா என்று பாருங்கள். இந்தப் பழைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் சாவியை அணைத்தால் நிற்காது, பம்ப் முழுத் திறப்பில் மாட்டிக்கொண்டாலோ உள்ளே தங்கிய எண்ணெயையே எரிக்க ஆரம்பித்தாலோ வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்து, அந்த வாயை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு கெட்டிப் பலகையோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கையையோ துணியையோ வைத்து அடைக்கக் கூடாது, உறிஞ்சிவிடும்.

முதல் ஓட்டம் சில நிமிடம் போதும். வெள்ளைப் புகையும் எண்ணெய்ப் புகையும் நிறைய வரும், பயப்பட வேண்டாம். பிரஷர் முள்ளையும் சூட்டையும் பாருங்கள், நிறுத்திக் கசிவைப் பாருங்கள், ஆயிலை வடித்து மாற்றுங்கள். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளின் இறுக்கமும் டேப்பெட் இடைவெளியும் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இருப்பது) கையேடு சொல்கிறபடி மறுபடி பார்க்க வேண்டும். சக்கரங்கள் உருண்டு, பிரேக் பிடித்து, ஹைட்ராலிக் கை எடையைத் தூக்கி இறக்கும் வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள், பெயிண்ட் அடித்த பிறகு மறுபடி பிரிக்க வேண்டி வந்தால் மனசு வராது.

தகடும் பெயிண்டும்

பானட், மட்கார்டு ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து மூடினால் உள்ளிருந்து துரு மறுபடி வரும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, அதே தடிமனில் துண்டு வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கோடாக இழுக்காமல் புள்ளிப் புள்ளியாக, தூரத் தூரத்தில் மாற்றி மாற்றி வெல்டு போடுங்கள், சூட்டில் தகடு நெளியாது. பட்டி கடைசியில், மெல்லிசாக. இரும்பு சுத்தமானதும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதோடு மாதக்கணக்கில் வெளியே வைத்தால் அடியில் துரு கிளம்பும். வார்ப்பிரும்பில் பழைய எண்ணெய் துளைகளில் ஊறியிருக்கும், தின்னர் துணியால் பல தரம் துடைத்து, ஹீட் கன்னால் சூடுபடுத்தி, வெளியே வரும் எண்ணெயை மறுபடி துடைத்த பிறகுதான் பிரைமர் பிடிக்கும். மேல் கோட்டுக்குச் சாதாரண எனாமலே போதும், பிரஷ்ஷிலும் நன்றாக வரும். ஹார்டனர் கலந்த இரண்டு டப்பா பெயிண்ட் இன்னும் உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கும், வெளிக்காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் ஸ்ப்ரே செய்யாதீர்கள். சீரியல் பலகையையும் கிரீஸ் நிப்பிள்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அசல் நிற எண் வேண்டுமென்றால் வெயில் படாத இடத்தில், டேங்கின் அடியிலோ ஃபுட்போர்டு அடைப்பின் பின்னாலோ, பழைய பெயிண்ட் மங்காமல் ஒட்டியிருக்கும், ஒரு துண்டு எடுத்துப் போய்க் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர்களைப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகு ஒட்டுங்கள், முன்கூட்டி ஒட்டினால் அடியில் கொப்புளம் கிளம்பும்.